ரூட்டாக நகலெடுத்த பின் எல்லாக் கோப்புகளும் ரூட்டுக்கு உரியவையாகிவிட்டன: பழைய உரிமையாளர்களை மீட்பது எப்படி?

கேள்வி: புதுவட்டு

அனைவருக்கும் வணக்கம். ஒரு வடிவமைப்பு அலுவலகத்தின் லினக்ஸ் சர்வரை நான் பராமரித்து வருகிறேன். அதில் டெபியன் என்னும் லினக்ஸ் வகை ஓடுகிறது. 38 பயனர்கள் இருக்கிறார்கள். பயனர்களின் கோப்புகளைக் கொண்ட ஹோம் அடைவு இருந்த வன்வட்டில் பழுதான செக்டர்கள் பற்றிய எச்சரிக்கைகள் வரத் தொடங்கியதால், சென்ற சனிக்கிழமை இரவு ஒரு புதிய வட்டை இணைத்து, ரூட்டாக, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகியாக உள்நுழைந்து, நகலெடுக்கும் சிபி கட்டளையோடு -ஆர் என்ற விருப்பத்தை மட்டும் சேர்த்து ஹோம் முழுவதையும் நகலெடுத்தேன். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. கோப்புகளின் எண்ணிக்கையைச் சரிபார்த்தேன். சில பெரிய கோப்புகளைத் திறந்தும் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்ததால் புதிய வட்டையே ஹோமாக மவுண்ட் செய்து, அதாவது அடைவாக இணைத்துவிட்டுக் கிளம்பினேன்.

திங்கள் காலையில் ஒருவராலும் கோப்புகளைச் சேமிக்க முடியவில்லை. சிலரால் வரைகலை முகப்புக்குள் நுழையவே முடியவில்லை. எஸ்எஸ்ஹெச் சாவியைக் கொண்டு தொலைவிலிருந்து உள்நுழைபவர்களிடம் சர்வர் கடவுச்சொல் கேட்டது. கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையை -எல் சேர்த்துப் பார்த்தபோது, ஒவ்வொரு வரியிலும் உரிமையாளர் ரூட், குழு ரூட் என்றே இருந்தது.

பதற்றத்தில் ஐந்து பயனர்களின் அடைவுகளுக்கு மட்டும் உரிமையாளரை மாற்றும் சோன் கட்டளையை, உள்ளடைவுகளையும் சேர்க்கும் -ஆர் விருப்பத்தோடு ஓட்டி, அவரவர் பெயருக்கு மாற்றினேன். அவர்கள் ஐவரும் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் அவர்களில் ஒருவருடைய அடைவுக்குள் குழுவினர் பொதுவாகப் பயன்படுத்தும் ஒரு திட்ட அடைவு இருந்தது. அதற்குள் முன்பு வெவ்வேறு ஆட்களின் பெயரில் இருந்த கோப்புகள் எல்லாம் இப்போது அந்த ஒருவருக்கே உரியவையாகிவிட்டன. மற்றவர்கள் எழுத முடியாமல் நிற்கிறார்கள். அதனால் மற்ற 33 அடைவுகளில் கை வைக்க அஞ்சுகிறேன்.

பழைய வட்டு இன்னும் கையில் இருக்கிறது, மவுண்ட் ஆகிறது. ஆனால் அந்த ஐவரும் திங்கள் முதல் புதிய வட்டில் வேலை செய்திருப்பதால், அதை அழித்துவிட்டு மறுபடியும் நகலெடுக்க இயலாது. கோப்புகளின் உள்ளடக்கத்தைத் தொடாமல் உரிமையாளரையும் குழுவையும் மட்டும் பழையபடி கொண்டுவர வழி உண்டா? இன்னொரு ஐயமும் உண்டு. பல கோப்புகளை ஒன்றாகக் கட்டும் டார் நிரலால் எடுத்த வாராந்தரக் காப்பு ஒன்றைச் சோதனைக்காக வேறொரு கணினியில் விரித்துப் பார்த்தேன். சில பயனர்களின் கோப்புகள் சரியான பெயரில் வந்தன. சில கோப்புகள் சம்பந்தமே இல்லாத ஒருவர் பெயரில் வந்தன. காப்பே கெட்டுப்போயிருக்கிறதா?

மறுமொழி 1: வட்டுக்காவலர்

வணக்கம் நண்பரே. சோன் கட்டளையை நிறுத்தியது நல்ல முடிவு. பழைய வட்டு படிக்கக்கூடிய நிலையில் இருக்கும் வரை இது முழுமையாக மீட்கக்கூடிய சேதம்தான். அந்த வட்டைப் படிக்க மட்டும் என்ற நிலையில் மவுண்ட் செய்து வையுங்கள். இந்த வேலை முடியும் வரை அதில் எதையும் எழுத வேண்டாம்.

முதலில் நடந்தது என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். சிபி ஒரு கோப்பை நகலெடுக்கும்போது, மூலத்தைத் திறந்து படித்து, சேருமிடத்தில் ஒரு புதிய கோப்பை உருவாக்கி, அதில் எழுதுகிறது. புதிதாக உருவாகும் எந்தக் கோப்பும் அதை உருவாக்கியவருக்கே உரியது என்பதுதான் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் விதி. நீங்கள் ரூட்டாக இருந்ததால் அவை ரூட்டுக்கு உரியவையாயின. உருவாக்கிய பின் பழைய உரிமையாளரை எழுதிவை என்று தனியாகச் சொன்னால்தான் சிபி அதைச் செய்யும். -பி விருப்பம் அனுமதிகள், உரிமையாளர், நேரம் ஆகிய மூன்றையும் காக்கிறது. -ஏ விருப்பம் அவற்றோடு குறியிணைப்புகள் (வேறொரு கோப்பைச் சுட்டுபவை), வன்னிணைப்புகள் (ஒரே கோப்புக்கு உள்ள வேறு பெயர்கள்), ஏசிஎல் (தனித்தனி ஆட்களுக்கான கூடுதல் அனுமதிப் பட்டியல்) போன்றவற்றையும் சேர்த்துக் காக்கிறது. -ஆர் விருப்பமோ அடைவுகளுக்குள் இறங்கிச் செல் என்பதை மட்டுமே சொல்கிறது. ரூட் அல்லாத ஒருவர் -ஏ கொடுத்திருந்தாலும் பலன் இருந்திருக்காது. தன் கோப்பைப் பிறர் பெயருக்கு எழுதிவைக்கும் உரிமையை லினக்ஸ் சாதாரணப் பயனருக்குத் தருவதில்லை. அந்த உரிமை இருந்தால், வட்டில் தனக்கு ஒதுக்கிய இடத்தைத் தாண்டுகிற எவரும் தன் கோப்புகளை அடுத்தவர் கணக்கில் ஏற்றிவிடலாம் அல்லவா? ஆக, உரிமையாளரைக் காத்து நகலெடுக்க ரூட்டால்தான் முடியும். ஆனால் ரூட்டும் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

உங்கள் எஸ்எஸ்ஹெச் சிக்கலும் இதிலிருந்தே வந்தது. பயனரின் எஸ்எஸ்ஹெச் அடைவுக்கு வழக்கமாக, உரிமையாளருக்கு மட்டும் திறக்கும் 700 என்ற அனுமதி இருக்கும். அந்த 700 நகலிலும் அப்படியே வந்துவிட்டது; உரிமையாளர் மட்டும் ரூட்டாகிவிட்டார். சாவிக் கோப்பைப் படிக்கும் நேரத்தில் எஸ்எஸ்ஹெச் சர்வர் அந்தப் பயனராகவே மாறிப் படிக்க முயல்கிறது. ரூட்டுக்கு மட்டும் திறந்திருக்கும் அடைவுக்குள் அந்தப் பயனரால் நுழைய முடியாது. அதனால்தான் கடவுச்சொல் கேட்கும் நிலைக்கு வந்தது. உங்கள் திட்ட அடைவில் இன்னொன்றையும் பாருங்கள். குழு அடைவுகளுக்கு 2770 என்று அனுமதி வைப்பது வழக்கம். அந்த முதல் இலக்கமான 2 தான், உள்ளே உருவாகும் கோப்புகள் அனைத்தையும் அடைவின் குழுவிலேயே சேர்க்கும் செட்ஜிஐடி பிட். -ஆர் மட்டும் கொடுத்து நகலெடுத்ததில் அது போயிருக்கும். உரிமையாளரைத் திருத்தியதோடு நிறுத்திவிட்டால், அடுத்த வாரம் அதே அடைவைப் பற்றி மீண்டும் புகார் வரும்.

இப்போது மீட்பு. இரு இடங்களை ஒப்பிட்டு, மாறியதை மட்டும் நகலெடுக்கும் ஆர்சிங்க்கைத்தான் பலரும் முதலில் சொல்வார்கள். இந்த நிலையில் அது ஆபத்து. சிபி நேரத்தைக் காக்காததால், புதிய வட்டில் உள்ள கோப்புகள் எல்லாம் சனிக்கிழமை இரவின் நேரத்தைக் காட்டுகின்றன. பழைய வட்டிலிருந்து ஆர்சிங்க் ஓட்டினால், நேரம் வேறுபடுகிறது என்பதற்காகவே அது ஒவ்வொரு கோப்பையும் மாறியதாகக் கருதி மீண்டும் நகலெடுக்கும். அந்த ஐவர் திங்கள் முதல் செய்த வேலையைப் பழைய பிரதி மூடிவிடும். அதைத் தவிர்க்க -யு விருப்பத்தைச் சேர்த்தால், சேருமிடத்தில் உள்ளது புதியது என்று சொல்லி எல்லாக் கோப்புகளையுமே விட்டுவிடும், உரிமையாளரும் மாறாது. தவிர, சாகக் கிடக்கும் ஒரு வட்டின் முழு உள்ளடக்கத்தையும் இன்னொரு முறை படிக்கச் சொல்வது சரியல்ல.

உங்களுக்குத் தேவை உள்ளடக்கம் அல்ல, ஒரு பட்டியல் மட்டுமே. பழைய வட்டின் ஹோம் அடைவுக்குள் நின்றுகொண்டு கோப்புகளைத் தேடும் ஃபைண்ட் கட்டளையை, விவரங்களை வேண்டிய வடிவில் எழுதும் அதன் பிரிண்ட்எஃப் வசதியோடு ஓட்டுங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் பயனர் எண், குழு எண், எண் வடிவிலான அனுமதி, சார்பு முகவரி ஆகிய நான்கையும் ஒரு கோப்பில் எழுதச் சொல்லுங்கள். பெயர்களை எடுக்க வேண்டாம், எண்களையே எடுங்கள். கோப்புப் பெயர்களில் இடைவெளியும் சில சமயம் வரிமுறிப்பும் இருக்கும் என்பதால், பதிவுகளுக்கு இடையே வரிமுறிப்புக்குப் பதிலாகச் சுழிய எழுத்தை வைப்பது பாதுகாப்பானது. பிறகு புதிய வட்டின் ஹோம் அடைவுக்குள் நின்று, அந்தப் பட்டியலைப் படிக்கும் ஒரு சிறு நிரலை எழுதி, அந்த முகவரியில் கோப்பு இருந்தால் முதலில் சோன், அதன் பின் அனுமதியை மாற்றும் சிமாட் என்று ஓட்டுங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. உரிமையாளரை மாற்றும்போது செட்யுஐடி, செட்ஜிஐடி என்னும் சிறப்பு பிட்டுகளை கெர்னல் நீக்கிவிடக்கூடும். சிமாட் முன்னால் ஓடினால் அந்த உழைப்பு வீண். சோனுக்கு -ஹெச் கொடுக்க மறக்காதீர்கள். கொடுக்காவிட்டால் குறியிணைப்பை விட்டுவிட்டு அது சுட்டும் கோப்பின் உரிமையாளரை மாற்றிவிடும். குறியிணைப்புகளுக்குச் சிமாட் ஓட்ட வேண்டாம்.

திங்களுக்குப் பிறகு புதிதாக உருவான கோப்புகள் இந்தப் பட்டியலில் இருக்காது. அவற்றை உருவாக்கியவர்கள் பெயரிலேயே அவை இருக்கும். நீங்கள் சோன் ஓட்டிய ஐந்து அடைவுகளும் இதே பட்டியலால் தாமாகச் சரியாகிவிடும். முதலில் ஒரே ஒரு பயனரின் அடைவில் ஓட்டி, எல்எஸ் கட்டளையை -என் விருப்பத்தோடு இரு வட்டுகளிலும் ஓட்டி ஒப்பிட்டுப் பார்த்த பின் மற்றவற்றுக்குப் போங்கள்.

மறுமொழி 2: ஏரிக்கரை

வட்டுக்காவலர் சொன்ன வழியை நானும் வழிமொழிகிறேன். அதில் ஒன்றைச் சேர்க்கிறேன்: உங்கள் கோப்புகளில் ஏசிஎல் பயன்பாட்டில் இருந்தால், ஃபைண்ட் எடுக்கும் பட்டியலில் அது வராது. அப்போது பழைய வட்டில் ஏசிஎல்லைப் படிக்கும் கெட்ஃபேக்கல் கட்டளையை -ஆர், -என் விருப்பங்களோடு ஓட்டி, வெளியீட்டை ஒரு கோப்பில் சேமியுங்கள். அதில் ஒவ்வொரு கோப்புக்கும் மேலே குறிப்பு வரிகளாக உரிமையாளரும் குழுவும் சிறப்பு பிட்டுகளும் இருக்கும். அதைத் திரும்ப எழுதும் செட்ஃபேக்கல் கட்டளையை ரெஸ்டோர் விருப்பத்தோடு ரூட்டாக ஓட்டும்போது, அந்தக் குறிப்பு வரிகளைப் படித்து உரிமையாளரையும் சேர்த்தே அது மீட்டுவிடும். குறியிணைப்புகளை மட்டும் அது தொடாது. இந்த வசதியை அறிந்தவர்கள் குறைவு என்பது எனக்கு எப்போதும் வருத்தம் தருகிறது, ஏனென்றால் ஒரு சர்வரில் பெரிய மாற்றம் எதையும் தொடங்குவதற்கு முன் இந்த ஒரே வெளியீட்டை எடுத்து வைத்திருந்தால், தவறான சோன் எதையும் சில நிமிடங்களில் திருப்பிவிடலாம்.

இனி உங்கள் இரண்டாவது ஐயம். காப்பு கெடவில்லை. கோப்பு அமைப்பில் உரிமையாளரின் பெயர் எங்கும் எழுதப்படுவதில்லை. ஐநோடு என்னும் பதிவில் ஓர் எண் மட்டுமே இருக்கிறது. நீங்கள் எல்எஸ் ஓட்டும்போது, ஈடிசி அடைவில் உள்ள பாஸ்வேர்டு கோப்பைப் பார்த்து அந்த எண்ணுக்கு உரிய பெயரை அந்தக் கணத்தில்தான் கண்டுபிடித்துக் காட்டுகிறது. டெபியனில் முதல் பயனருக்கு 1000, அடுத்தவருக்கு 1001 என்று, கணக்கு தொடங்கிய வரிசையில் எண் விழுகிறது. ஒரே ஆளுக்கு ஒரு கணினியில் 1004 என்றும் இன்னொன்றில் 1009 என்றும் இருப்பது சாதாரணம்.

டார் இரண்டையும் சேமிக்கிறது, பெயரையும் எண்ணையும். ரூட்டாக விரிக்கும்போது முதலில் பெயரைத் தேடும். அந்தப் பெயரில் அங்கே கணக்கு இருந்தால், அந்தக் கணினியில் அதற்குரிய எண்ணை இடும். பெயர் இல்லாவிட்டால் காப்பில் உள்ள எண்ணை அப்படியே இட்டுவிடும். உங்கள் சோதனைக் கணினியில் சில பயனர்களுக்குக் கணக்கு இருந்திருக்கிறது, அவை சரியாக வந்தன. கணக்கு இல்லாதவர்களின் கோப்புகள் பழைய எண்ணோடு இறங்கின. அந்த எண் அங்கே வேறு யாருக்கோ உரியதாக இருந்ததால், அவர் பெயர் தெரிகிறது. அந்த மனிதருக்குப் பிறருடைய கோப்புகளைத் திறக்கும் உரிமையும் அதனாலேயே கிடைத்துவிட்டது என்பதைக் கவனியுங்கள்; அந்தச் சோதனை நகலை அழித்துவிடுவது நல்லது.

இந்தப் பெயர் தேடும் பழக்கம் எனக்கு ஒருமுறை பெரும் நேர இழப்பைக் கொடுத்தது. ஒரு சர்வரின் வேர்ப் பகிர்வு (இயங்குதளம் இருக்கும் வட்டுப் பகுதி) முழுவதையும் லைவ் யுஎஸ்பியிலிருந்து கிளப்பி, டார் காப்பிலிருந்து மீட்டுக்கொண்டிருந்தேன். அப்போது ஓடிக்கொண்டிருந்தது யுஎஸ்பியில் இருந்த இயங்குதளம். எனவே டார் பெயர்களைத் தேடியதும் யுஎஸ்பியின் பாஸ்வேர்டு கோப்பில்தான். இணைய சர்வருக்கான டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா கணக்குக்கு டெபியனில் எங்கும் 33 தான் என்பதால், வலைத்தளக் கோப்புகள் தப்பின. ஆனால் தொகுப்பை நிறுவும் நேரத்தில் எண் ஒதுக்கப்படும் சேவைக் கணக்குகள் ஒவ்வொரு கணினியிலும் வேறுவேறு எண்ணோடு இருக்கும். யுஎஸ்பியிலும் அதே பெயரில் கணக்கு இருந்த சேவைகளின் கோப்புகள் எல்லாம் யுஎஸ்பியின் எண்ணுக்கு மாறிவிட்டன. சர்வர் எழுந்தது, தரவுத்தளமான போஸ்ட்கிரெஸ் மட்டும் எழவில்லை. தன் தரவு அடைவின் உரிமையாளர் தான் அல்ல என்றால் தொடங்கவே மறுத்துவிடும் கண்டிப்பு அதற்கு உண்டு. அதன் பதிவேட்டில் அந்த ஒரு வரியைப் பார்த்த பிறகுதான் நடந்தது புரிந்தது. சத்தமில்லாமல் தவறான எண்ணோடு ஓடிக்கொண்டிருந்த மற்ற சேவைகளைத் தேடிப் பிடிக்க மேலும் இரண்டு நாள் ஆயிற்று.

ஆகவே, அதே கணினிக்கு, அதன் சொந்தப் பாஸ்வேர்டு கோப்போடு சேர்த்து மீட்கிறீர்கள் என்றால், டாருக்கு --நியூமெரிக்-ஓனர் என்ற விருப்பத்தைக் கொடுங்கள். எண் அப்படியே இறங்கும். வேறு கணினிக்கு, அங்கே ஏற்கெனவே இருக்கும் கணக்குகளுக்குள் கொண்டுபோகிறீர்கள் என்றால், அந்த விருப்பத்தை விட்டுவிட்டு, விரிப்பதற்கு முன்பே தேவையான எல்லாக் கணக்குகளையும் தொடங்கிவிடுங்கள். ஆர்சிங்க்கும் இதே குணம் கொண்டதுதான்: இயல்பாகப் பெயரைப் பொருத்தும், --நியூமெரிக்-ஐடிஸ் கொடுத்தால் எண்ணைக் காக்கும். அதன் -ஏ விருப்பம் சிபியின் -ஏ போன்றது அல்ல என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். வன்னிணைப்புகளும் ஏசிஎல்லும் நீட்டிப்புப் பண்புகளும் (கோப்போடு சேர்த்து வைக்கும் கூடுதல் குறிப்புகள்) அதில் அடங்கா. பேரெழுத்து ஹெச், ஏ, எக்ஸ் மூன்றையும் தனியே சேர்க்க வேண்டும்.

மறுமொழி 3: கம்பிவலை

அடுத்த முறை காப்பு எங்கே போய்ச் சேர்கிறது என்பதையும் பாருங்கள். ஃபேட், எக்ஸ்ஃபேட் வடிவில் உள்ள பென் டிரைவிலோ வெளிவட்டிலோ உரிமையாளர் எண்ணை எழுத இடமே இல்லை. அங்கே -ஏ கொடுத்தாலும் உரிமையாளர் காக்கப்படாது. டார் கோப்பாகக் கட்டி அதில் வைத்தால் எல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கும். பிணையம் வழியே பயன்படுத்தும் என்எஃப்எஸ் பகிர்வில், வெளியிலிருந்து வரும் ரூட்டின் அதிகாரத்தைப் பறிக்கும் ரூட் ஸ்குவாஷ் இயல்பாகவே இயங்கும் என்பதால், உங்கள் ரூட் அங்கே நோபடி என்னும் அதிகாரமற்ற கணக்காகிவிடுவார்; சோன் மறுக்கப்படும். எதிர்ப்பக்கம் ரூட் அனுமதி தர மறுக்கும் காப்பு சர்வராக இருந்தால், ஆர்சிங்க்கின் --ஃபேக்-சூப்பர் விருப்பம் உரிமையாளர் விவரத்தை நீட்டிப்புப் பண்பாக எழுதி வைத்து, திரும்ப எடுக்கும்போது பொருத்திக் கொடுக்கும். வேறு கணினிக்கு நகலெடுக்கும் எஸ்சிபி கட்டளையின் -பி நேரத்தையும் அனுமதியையும் மட்டுமே காக்கிறது; அதில் உரிமையாளர் வராது. சிபியில் அதே எழுத்து உரிமையாளரைக் காப்பதால் இங்கே பலர் ஏமாறுகிறார்கள்.

அலுவலகத்தில் விண்டோஸ் கோப்பு சர்வரும் இருந்தால் ஒரு வார்த்தை. அதன் நகலெடுக்கும் கட்டளையான ரோபோகாப்பியில் எஸ்ஈசி என்ற தேர்வு பாதுகாப்பு அனுமதிகளை நகலெடுக்கிறது, உரிமையாளரை விட்டுவிடுகிறது. காப்பிஆல் என்ற தேர்வு கொடுத்தால் உரிமையாளரும் வரும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் கோப்பு அமைப்பில் வட்டு ஒதுக்கீடு உரிமையாளரை வைத்தே கணக்கிடப்படுவதால், அங்கேயும் இது சிறிய விஷயம் அல்ல.

புதுவட்டு

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. எங்களிடம் இரண்டு அடைவுகளில் ஏசிஎல் இருந்ததால், கெட்ஃபேக்கல் வெளியீட்டையும் ஃபைண்ட் பட்டியலையும் இரண்டையுமே எடுத்தேன். பழைய வட்டு முனகிக்கொண்டே இருந்தாலும், உள்ளடக்கத்தைப் படிக்காததால் பட்டியல் விரைவாகவே முடிந்தது. முதலில் என் சொந்த அடைவில் ஓட்டி, இரு பக்கமும் எண்களை ஒப்பிட்டேன், ஒத்துப்போயின. பிறகு மற்ற 37 அடைவுகளிலும் ஓட்டினேன். குறியிணைப்புகளை ஃபைண்ட் பட்டியலிலிருந்து தனியாகச் சரிசெய்தேன். திட்ட அடைவு மீண்டும் 2770 என்று காட்டுகிறது. அதற்குள் இப்போது குழுவினர் அனைவரும் எழுதுகிறார்கள்.

இரண்டு ஐயங்கள் மீதமுள்ளன. ஃபைண்ட் கட்டளையை, உரிமையாளர் கணக்கு இல்லாத கோப்புகளைத் தேடும் -நோயூசர் என்ற தேர்வோடு ஓட்டியபோது, 1011 என்ற எண்ணில் சில நூறு கோப்புகள் பெயரில்லாமல் நிற்கின்றன. பழைய வட்டிலும் அவை அப்படியே உள்ளன. கோப்புகளின் பழைய நேரத்தையும் மீட்க வேண்டுமா?

வட்டுக்காவலர்

1011 பெரும்பாலும் வேலையை விட்டுப் போன ஒருவரின் எண்ணாக இருக்கும். கணக்கை நீக்கியிருப்பீர்கள், கோப்புகள் பிற அடைவுகளில் தங்கியிருக்கும். இவற்றை இப்படியே விடாதீர்கள். கணக்கு நீங்கிய எண் மீண்டும் ஒதுக்கப்படக் கூடியது. அப்படி நடந்தால், அந்த நாளில் சேரும் புதியவர் ஒன்றும் செய்யாமலேயே அவற்றின் உரிமையாளராகிவிடுவார். பொறுப்பேற்கும் ஒருவரைக் கேட்டு முடிவு செய்து, அந்த எண்ணில் உள்ளவற்றை மட்டும் ஃபைண்ட் மூலம் தேர்ந்தெடுத்து அவர் பெயருக்கு மாற்றுங்கள்.

நேரத்தை மீட்பது நல்லது, இல்லாவிட்டால் கோப்பு மாறிய நேரத்தை மட்டும் வைத்து முடிவு செய்யும் காப்பு நிரல்கள் எல்லாவற்றையும் புதிய கோப்பாகக் கருதும். நகலெடுப்பு நடந்த சனிக்கிழமை இரவின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடைப்பட்ட நேரத்தைக் காட்டும் கோப்புகளுக்கு மட்டும், நேரத்தை மாற்றும் டச் கட்டளையை பழைய வட்டின் கோப்பை மாதிரியாகக் காட்டி ஓட்டுங்கள். திங்களுக்குப் பின் மாறியவற்றைத் தொட வேண்டாம். அது முடிந்து ஒரு முழுக் காப்பு எடுத்து, அதை ஒருமுறை விரித்துச் சரிபார்த்த பிறகே பழைய வட்டைக் கழற்றுங்கள்.